மஞ்சக் கடுதாசி கம்பெனிக்கு, வாய்க்கரிசி விவசாயிக்கா?

(ஆலை ஏலமும் விவசாயிகளின் பாக்கியும் பற்றி, திருக்கழுக்குன்றம் விவசாயிகள் கூட்டத்தில் நமது சங்கத்தின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஏலம் என்றால் நமக்குப் புதுசு இல்லை. ஏரி மீன் ஏலம் பார்த்திருக்கிறோம். புளியமர ஏலம் கேட்டிருக்கிறோம். நகையை மீட்க முடியாமல் பேங்க்கில் ஏலம் போனதைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறோம். ஆனால் ஒரு கம்பெனியே, ஆலையோடு, கட்டடத்தோடு, மெஷினோடு, நிலத்தோடு ஏலம் போவதைப் பற்றி நமக்கு யாரும் சொல்வது இல்லை. "அது பெரிய மனுஷங்க விவகாரம், நமக்கு எதுக்கு?" என்று இருந்துவிடுகிறோம். அந்த ஆலைக்குக் கரும்பு ஏற்றியவன் நாம். அந்தத் தொழிற்சாலைக்கு நிலம் கொடுத்தவன் நாம். ஏலத்தில் முதலில் நஷ்டப்படுகிறவனும் நாம்தான். ஆகவே இன்றைக்கு இதைத்தான் பேசப்போகிறோம்.

நம்ம மலைக்கு ரெண்டு கழுகு வந்து, குருக்கள் கையால் வைத்த சோற்றைத் தின்றுவிட்டுப் போன காலத்தைப் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள். வைத்ததைத் தின்றுவிட்டுப் போகிற கழுகு அது. இப்போது மூடின ஆலைகளின் மேல் வட்டம் போடுகிற கழுகு வேறு. அது எப்படி வருகிறது, எந்தச் சட்டத்தின் வழியாக வருகிறது என்று தெரிந்துகொண்டால்தான் நம்ம சோற்றை நாம் காப்பாற்ற முடியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

முன்பெல்லாம் ஒரு ஆள் கடனில் மூழ்கினால் "மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்" என்பார்கள். கம்பெனி மூழ்கினால் ஐகோர்ட்டில் வழக்கு நடக்கும். பத்து வருஷம், இருபது வருஷம் இழுக்கும். மெஷின் துருப்பிடிக்கும், கூரை விழும். இதை மாற்றுகிறோம் என்று சொல்லி 2016ஆம் ஆண்டு மத்திய அரசு திவால் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. இந்த வழக்குகளை விசாரிப்பது தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம். தமிழ்நாட்டுக் கம்பெனிகளுக்குச் சென்னையில் அதன் கிளை இருக்கிறது.

கடன் கட்டாத கம்பெனியின் மேல் வங்கியோ, சரக்குக் கொடுத்தவரோ அங்கே மனு போடலாம். மனு ஏற்கப்பட்ட அன்றே முதலாளியின் அதிகாரம் போய்விடும். தீர்ப்பாயம் நியமிக்கிற ஒரு நிபுணர், ஆடிட்டர் மாதிரி லைசென்ஸ் வாங்கினவர், கம்பெனியைக் கையில் எடுப்பார். அதன் பிறகு இரண்டு வழி உண்டு.

முதல் வழி: கம்பெனியை உயிரோடு எடுத்து நடத்த யாராவது ஒருவர் திட்டம் கொடுப்பார். "இவ்வளவு தருகிறேன், கம்பெனியை என்னிடம் கொடுங்கள்" என்பார். கடன் கொடுத்தோர் குழு ஓட்டுப் போட்டு ஏற்றுக்கொண்டால், தீர்ப்பாயமும் ஒப்புதல் கொடுத்தால், கம்பெனி அவர் கைக்குப் போகும். இதற்குச் சட்டம் வைத்த கெடு 330 நாள்.

இரண்டாவது வழி: அப்படி யாரும் வரவில்லை என்றால் கலைப்பு. கலைப்பாளர் சொத்தைக் கணக்கெடுத்து ஏலம் விடுவார். ஏலம் கம்ப்யூட்டர் வழியாக நடக்கும். அடிவிலை போடுவார்கள். கேட்க வருகிறவர் டேவணித் தொகை கட்ட வேண்டும். அது அடிவிலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாது. கேட்பார் இல்லை என்றால் விலையைக் குறைத்து மறுபடியும் ஏலம் விடுவார்கள். விற்பது "உள்ளது உள்ளபடி". சுவர் இடிந்திருந்தாலும், மெஷின் காணாமல் போயிருந்தாலும் எடுத்தவர் பாடு.

நம்ம பக்கத்திலேயே ஒரு உதாரணம்

இதெல்லாம் பம்பாயில், டெல்லியில் நடக்கிற கதை என்று நினைக்க வேண்டாம். திருப்போரூர் பக்கம் ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டை நமக்குத் தெரியும். அங்கே ஆர்க்கிட் பார்மா என்ற பெரிய மருந்துக் கம்பெனி இருக்கிறது. 2017 ஆகஸ்டில் அது கடனைக் கட்ட முடியாமல் இந்தத் தீர்ப்பாயத்துக்குப் போனது. முதலில் ஏலம் கேட்டு ஒப்புதல் வாங்கிய நிறுவனம் சொன்ன பணத்தைக் கட்டவில்லை. மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பித்தார்கள். 2019இல் தானுகா லேபரட்டரீஸ் என்ற கம்பெனியின் திட்டத்துக்குச் சென்னைத் தீர்ப்பாயம் ஒப்புதல் கொடுத்தது.

"கம்பெனியை உடைத்து விற்றால் கிடைக்கும் மதிப்பைவிடக் குறைவான தொகைக்கு எப்படிக் கொடுக்கலாம்?" என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2020 பிப்ரவரியில் தானுகாவின் திட்டமே செல்லும் என்று முடிந்தது. தொழிற்சாலை இன்றைக்கும் ஓடுகிறது. வேலை இருக்கிறது. அது நல்லதுதான், நாம் மறுக்கவில்லை. கவனிக்க வேண்டியது வேறு. எவ்வளவு தொகைக்குக் கொடுப்பது, யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைக் கடன் கொடுத்தோர் குழுதான் முடிவு செய்கிறது. அந்தக் குழுவின் வியாபார முடிவில் கோர்ட்டு சாதாரணமாகத் தலையிடுவது இல்லை. அந்தக் குழுவில் உட்காருவது யார்? வங்கிகளும் பணம் கடன் கொடுத்த நிறுவனங்களும் மட்டுமே! சரக்குக் கொடுத்தவனுக்கு அங்கே ஓட்டு கிடையாது.

தலைமடை யாருக்கு, கடைமடை யாருக்கு?

ஏரித் தண்ணீர் எப்படிப் பாயும் என்று நமக்குத் தெரியும். மதகைத் திறந்தால் தலைமடைக்காரன் வயல் முதலில் நிறையும். கடைமடைக்குப் போகும்போது வாய்க்காலில் ஈரம்தான் இருக்கும். ஏலப் பணமும் இப்படித்தான் பாய்கிறது. இந்தச் சட்டத்தின் 53ஆம் பிரிவு அந்த வரிசையைப் போட்டிருக்கிறது.

முதல் மடை, வழக்கு நடத்திய செலவும் கலைப்பாளர் செலவும். இரண்டாவது மடையில் இரண்டு பேர் சமமாக நிற்கிறார்கள்: 24 மாதம் வரை தொழிலாளர் பாக்கி, அடமானம் வாங்கிக்கொண்டு கடன் கொடுத்த வங்கி. அதற்கு அப்புறம் மற்ற ஊழியர்களின் 12 மாதச் சம்பளம். அப்புறம் அடமானம் இல்லாமல் கொடுத்த கடன். அப்புறம் அரசாங்கத்துப் பாக்கி. அதற்கும் கீழே "மீதி உள்ள கடன்கள்" என்று ஒரு வரி இருக்கிறது. கரும்பு கொடுத்த விவசாயி அந்த ஒற்றை வரிக்குள்ளேதான் நிற்கிறான்! அவனுக்குப் பின்னால் இருப்பது கம்பெனியின் பங்குதாரர்கள் மட்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஆலை 150 கோடிக்கு ஏலம் போனதாக வைத்துக்கொள்வோம். செலவு 10 கோடி போனால் மீதி 140 கோடி. தொழிலாளர் பாக்கி 20 கோடி, வங்கியின் அடமானக் கடன் 300 கோடி. ஆக 320 கோடி கேட்கிற இடத்தில் 140 கோடிதான் இருக்கிறது. ரூபாய்க்கு 44 பைசா கூட முழுசாகக் கிடைக்காது. அத்தோடு தண்ணீர் நின்றுபோச்சு! விவசாயிகளுக்கு 60 கோடி பாக்கி என்றால் அவர்கள் பங்கு? பூஜ்யம். இது மோசடி இல்லை, கையாடல் இல்லை. சட்டப்படியான பூஜ்யம்!

முதல் வழியில் கம்பெனி கைமாறினாலும் நிலைமை பெரிதாக மாறுவது இல்லை. "கலைத்து விற்றிருந்தால் எவ்வளவு வந்திருக்குமோ அதற்குக் குறையாமல் கொடு" என்பதுதான் சரக்குக் கொடுத்தவனுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு. கலைத்தால் பூஜ்யம் என்றால், பூஜ்யத்துக்குக் குறையாமல் கொடுத்தால் போதுமே!

அது மட்டுமா? 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் தெளிவாகச் சொல்லிவிட்டது: திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்த நாளோடு, அந்தத் திட்டத்தில் இடம்பெறாத பழைய பாக்கிகள் எல்லாம் செத்துப்போகும். அரசாங்கப் பாக்கிக்கும் அதே கதி. வாங்கினவர் புது சிலேட்டோடு ஆரம்பிக்கிறார். அந்த சிலேட்டில் அழிந்துபோன எழுத்து எது? நம்ம எடைச்சீட்டு!

திருமண்டங்குடியில் நடந்தது என்ன?

கரும்பு விவசாயிகளுக்கு இது எப்படி வந்து விடிந்தது என்று தெரிய, தஞ்சாவூர் மாவட்டத்தைப் பார்க்க வேண்டும். பாபநாசம் வட்டம் திருமண்டங்குடியில் திரு ஆரூரான் சர்க்கரை ஆலை இருந்தது. கரும்பு வெட்டி அனுப்பிய விவசாயிகளுக்குப் பணம் வரவில்லை. கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போனது. தீர்ப்பாயத்தின் வழியாக கால்ஸ் என்ற சாராயத் தொழில் நிறுவனத்தின் கைக்கு ஆலை வந்தது.

கரும்புப் பாக்கி ஒரு பக்கம். அதைவிடக் கொடுமை இன்னொன்று. விவசாயிகள் பெயரில் வங்கிகளில் கடன் வாங்கப்பட்டு, அந்தப் பணம் ஆலைக்குப் போய்விட்டது என்பது விவசாயிகளின் புகார். ஆலை கைமாறின பிறகும் வங்கி நோட்டீஸ் விவசாயி வீட்டுக்கு வந்தது. பணத்தைக் கண்ணால் பார்க்காதவன் கடன்காரன் ஆனான். வேறு கடன் கேட்டுப் போனால், "உங்க பேர்ல பாக்கி நிக்குது" என்று திருப்பி அனுப்பினார்கள். 2022 நவம்பர் கடைசியில் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். வருஷம் தாண்டியும் எழுந்திருக்கவில்லை. வெயிலிலும் மழையிலும் தொடர்ந்த போராட்டம் அது. பாக்கியை முழுசாகக் கொடு, எங்கள் பெயரில் உள்ள கடனை அடை என்பதுதான் அவர்கள் கேட்டது.

இதிலிருந்து நாம் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கம்பெனி விவசாயிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியை ஏலம் அழித்துவிடும். விவசாயி பேரில் எழுதின கடனை ஏலம் அழிக்காது. வரவேண்டியது சாகும், கொடுக்கவேண்டியது சாகாது! இதுதான் இந்த விஷயத்தின் முழு விஷம்.

நமக்குப் படாளத்தில் மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. கூட்டுறவு ஆலை கூட்டுறவுச் சட்டத்தின் கீழ் வருவது. அதற்கு இந்தத் திவால் ஏலம் கிடையாது. அதற்காக நிம்மதியாகத் தூங்க முடியாது. மதுரை அலங்காநல்லூர் கூட்டுறவு ஆலை 2019இல் அரவையை நிறுத்தியது. திறக்கச் சொல்லி அங்கே விவசாயிகள் போராட வேண்டி வந்தது. கூட்டுறவு ஆலை படுத்தால் கரும்பு தனியார் ஆலையைத் தேடித்தான் போக வேண்டும். அங்கே போனால் இந்தச் சட்டம் காத்திருக்கிறது. ஆகவே கூட்டுறவு ஆலையைக் காப்பதும் இந்தப் போராட்டத்தில் ஒரு பங்கு.

நம் கையில் என்ன இருக்கிறது?

ஒன்றுமே இல்லை என்று சோர்ந்துபோக வேண்டாம். 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை நமக்கு இருக்கிறது. கரும்பு கொடுத்த 14 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் வருஷத்துக்கு 15 சதவீத வட்டி. பாக்கியை நிலவரிப் பாக்கி மாதிரி ஜப்தி செய்து வசூலிக்கவும் அதில் வழி உண்டு.

இதன் மதிப்பு என்ன என்று பாருங்கள். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த விலை 10.25 சதவீதப் பிழிதிறனுக்கு டன்னுக்கு 3,550 ரூபாய். பிழிதிறன் 9.5க்கு மேல் போகாத இடத்தில் டன்னுக்கு 3,290 ரூபாய் 50 காசு. ஏக்கருக்கு 35 டன் என்றால் 1,15,167 ரூபாய். இதை ஒரு வருஷம் நிறுத்தி வைத்தால் வட்டி மட்டும் 17,275 ரூபாய். ஒரு ஏக்கர் வெட்டுக்கூலிக்குப் பாதியாவது ஆகுமே! இந்த வட்டியை நம்மில் எத்தனை பேர் கேட்டு வாங்கியிருக்கிறோம்?

ஆனால் ஒரு கண்டிஷன். தீர்ப்பாயம் மனுவை ஏற்ற நாளில் எல்லா வசூலுக்கும் தடை வந்துவிடும். கோர்ட்டு வழக்கு நிற்கும், ஜப்தி நிற்கும், கலெக்டர் வசூலும் நிற்கும். ஆகவே செய்ய வேண்டியதை அதற்கு முன்னால் செய்ய வேண்டும். 14 நாள் தாண்டினால் 15ஆம் நாள் கலெக்டர் ஆபீஸில் மனு இருக்க வேண்டும். "அடுத்த பருவத்துல குடுத்துடறோம்" என்ற பேச்சை நம்பி ரெண்டு பருவம் விட்டால், மூணாவது பருவத்தில் ஆலை இருக்காது, ஏல நோட்டீஸ்தான் இருக்கும்.

ஆகவே ஒவ்வொரு விவசாயியும் கீழே சொல்வதை வீட்டில் எழுதி ஒட்டிவையுங்கள்:

1. எடைச்சீட்டு, கரும்புப் பதிவு ஒப்பந்தம், வெட்டு உத்தரவு, பில், பேங்க் பாஸ் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். எடைச்சீட்டு எழுத்து ஒரே வருஷத்தில் மங்கிப்போகும்.

2. ஆலைக்காரர் நீட்டுகிற பேங்க் பேப்பரில், எழுதாத இடம் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். "உரத்துக்கு, விதைக்கரணைக்கு" என்று சொன்னாலும் பணம் உங்கள் கணக்கில் வருகிறதா என்று பாருங்கள். கையெழுத்து உங்களது என்றால் கடனும் உங்களது.

3. கம்பெனி தீர்ப்பாயத்துக்குப் போனால் பத்திரிகையில் அறிவிப்பு வரும். ஒரு இங்கிலீஷ் பேப்பரிலும் ஒரு தமிழ்ப் பேப்பரிலும் வரும். பாக்கிக் கோரிக்கை கொடுக்க அதில் கடைசித் தேதி போட்டிருக்கும். கெடு 14 நாள்தான். தவறினால் 90 நாள் வரையாவது கொடுக்க வழி உண்டு. விவசாயி கொடுக்க வேண்டியது சரக்குக் கொடுத்தவருக்கான "பி" படிவம். கலைப்புக்குப் போனால் இன்னொரு அறிவிப்பு வரும். அதற்குக் கெடு 30 நாள். படிவம் கொடுக்காதவன் கடைமடையில் கூட இல்லை, அவன் ஆயக்கட்டுக்கே வெளியே!

4. தனித்தனியாகப் போகாதீர்கள். கம்பெனியின் மொத்தக் கடனில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சரக்குக் கொடுத்தவர்களின் பாக்கி சேர்ந்தால், அவர்களின் பிரதிநிதி கடன் கொடுத்தோர் குழுவில் போய் உட்காரலாம். ஓட்டு இல்லை, ஆனால் பேசலாம், என்ன பேரம் நடக்கிறது என்று பார்க்கலாம். தனியாள் மனு போடுகிற வழி முன்பு இருந்தது. ஒரு லட்சம் பாக்கி இருந்தாலே போதும் என்று இருந்ததை, 2020 மார்ச்சில் ஒரு கோடி ஆக்கிவிட்டார்கள். ஒரு கோடிக்குக் கரும்பு கொடுத்த சின்ன விவசாயி எங்கே இருக்கிறான்? ஒன்று சேர்ந்தால்தான் பலம்.

5. கடன் கட்டாமல் கம்பெனியை மூழ்கடித்த பழைய முதலாளி, ஏலத்தில் அதையே மலிவாகத் திருப்பி எடுக்கக் கூடாது என்று 29ஏ பிரிவு தடுக்கிறது. சொந்தக்காரர் பெயரிலோ பினாமி பெயரிலோ வந்தால் ஊர்க்காரனுக்குத்தான் முதலில் தெரியும். தெரிந்தால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டாம். நிபுணருக்கும் தீர்ப்பாயத்துக்கும் எழுத்தில் கொடுப்போம்.

நிலம் ஏலம் போகும்போது

இன்னொரு விஷயம். கடற்கரை ரோட்டிலும் பழைய மகாபலிபுரம் ரோட்டிலும் மெஷினைவிட மண்ணுக்குத்தான் விலை. தொழிற்சாலைக்கு என்று சொல்லி நம்மிடம் வாங்கின நிலம் ஏலத்தில் மனைக்கட்டாக மாற எத்தனை நாள் ஆகும்? சிப்காட் நிலம் என்றால் அது குத்தகை, அவர்கள் சம்மதம் வேண்டும். பட்டா நிலமாக வாங்கினது என்றால் யாரைக் கேட்கப் போகிறார்கள்?

நம்ம வட்டாரம் ஏரிப் பாசன வட்டாரம். ஒரு தொழிற்சாலையின் மதில் சுவருக்குள்ளே ஏரி வரத்துக் கால்வாயும், வண்டிப்பாட்டையும், மேய்ச்சல் புறம்போக்கும் மாட்டிக்கொண்டிருக்கலாம். கம்பெனிக்குச் சொந்தம் இல்லாததைக் கலைப்பாளர் விற்க முடியாது. அது சட்டம். ஆனால் யாரும் சொல்லாவிட்டால் மதில் சுவருக்குள் இருப்பது எல்லாம் கம்பெனியுடையது என்றே போகும். ஏல நோட்டீஸில் சர்வே நம்பர் போட்டிருப்பார்கள். அதை வி.ஏ.ஓ. ஆபீஸில் புலப்படத்தோடும் 'அ' பதிவேட்டோடும் ஒத்துப் பாருங்கள். கால்வாய் உள்ளே இருந்தால் ஏலத்துக்கு முன்பே ஆட்சேபணை கொடுப்போம். ஏலம் முடிந்து பில்டிங் எழும்பின பிறகு, மழைக்காலத்தில் தண்ணீர் வயலில் நின்ற பிறகு கத்திப் பயன் இல்லை.

நமது கோரிக்கைகள்

தோழர்களே! தொழிற்சாலை பிழைக்கட்டும். தொழிலாளிக்குச் சம்பளம் முதலில் கிடைக்கட்டும். அதில் நமக்குச் சண்டை இல்லை. தொழிலாளியின் வியர்வைக்கு ஒரு மடை உண்டென்றால் விவசாயியின் வியர்வைக்கும் அதே மடை வேண்டும் என்கிறோம். ஆலைக்குள் வேலை செய்தவன் கொடுத்தது 24 மாத உழைப்பு. வயலில் நின்றவன் கொடுத்ததும் ஒரு வருஷ உழைப்புத்தானே? வங்கியிடம் அடமானம் இருந்தது, நம்மிடம் நம்பிக்கை மட்டும்தான் இருந்தது. நம்பினவனைக் கடைசியில் நிறுத்துவது எந்த ஊர் நியாயம்?

மத்திய அரசே! மாநில அரசே!

* விவசாயியின் விளைபொருள் பாக்கியைத் தொழிலாளர் பாக்கிக்குச் சமமான வரிசையில் வை! 53ஆம் பிரிவைத் திருத்து!

* விவசாயி பேரில் ஆலைகள் வாங்கின கடனை ஆலையின் கடனாக அறிவி! விவசாயிக்குத் தடையில்லாச் சான்று கொடு!

* கடன் கொடுத்தோர் குழுவில் விவசாயிகளுக்கு ஓட்டுரிமை கொடு!

* திவால் அறிவிப்பைத் தமிழில், ஊராட்சி மன்ற அலுவலகத்திலும் ஆலையின் டிவிஷன் ஆபீஸிலும் ஒட்டு! தண்டோரா போடு!

* 14 நாள் தாண்டிய பாக்கியை வருவாய்த்துறை மூலம் உடனே வசூல் செய்!

* ஏலத்துக்கு வரும் சர்க்கரை ஆலைகளைக் கூட்டுறவுத்துறை மூலம் அரசே எடுத்து நடத்து!

* தொழிற்சாலை நிலம் ஏலம் விடும் முன் நீர்வழிகளை அளந்து கல் நடு!

ஒற்றை எடைச்சீட்டை வைத்துக்கொண்டு ஒருத்தன் போனால் வாட்ச்மேன் கூட கேட்டைத் திறக்க மாட்டான். ஆயிரம் எடைச்சீட்டோடு ஆயிரம் பேர் போனால் தீர்ப்பாயம் வரைக்கும் கதவு திறக்கும். இந்த நோட்டீஸைப் படித்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டுங்கள். பாக்கி உள்ளவர்கள் சீட்டுகளோடு சங்கத்துக்கு வாருங்கள். ஊர் வாரியாகப் பட்டியல் எடுப்போம்.

விளைவித்தவன் கடைமடையா? விடமாட்டோம்!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! பாக்கியை மீட்போம்!